தலையணை வயிறு

அத்தியாயம் ஒன்பது

வரிசையாகவே சொல்கிறேன். முன்னே பின்னே சொன்னால் எனக்குச் சாதகமாகத் திருப்பிச் சொல்லிவிடுவேனோ என்று எனக்கே என் மேல் சந்தேகம்.

போன வாரம் விட்ட இடத்தில்தான் எல்லாரும் இருக்கிறோம். தொற்று வந்து விடுதியைப் பூட்டியதும் பெட்டியோடு வீட்டுக்கு வந்தவள் நான். இன்னும் பெட்டியை முழுசாகப் பிரிக்கவில்லை. செவிலியர் கல்லூரி இப்போது என் ஃபோனுக்குள் நடக்கிறது. மகப்பேறு பாடம் சாயங்கால வகுப்பு. பாடம் எடுக்கும் மேடத்துக்குப் பகலெல்லாம் எங்கள் ஊர் ஆஸ்பத்திரிப் பிரசவ வார்டில் வேலை. முகக்கவசம் அழுத்திய தடம் மூக்கின் இரண்டு பக்கமும் சிவப்பாகத் தெரிய, டியூட்டி ரூமில் உட்கார்ந்துகொண்டு எங்களோடு பேசுவார்.

அண்ணன் ஆக்ஸிஜன் சிலிண்டர் லாரி ஓட்டுகிறான். பல வாரமாக வீட்டுப்பக்கம் வரவில்லை. அம்மா தையல் கடையை முன்னறைக்குக் கொண்டுவந்து முகக்கவசமாகத் தைத்துத் தள்ளுகிறாள். அண்ணிக்கு எட்டாவது மாதம் முடியப்போகிறது. எடுக்க வேண்டிய ஸ்கேனை, கிளினிக்கில் யாருக்கோ தொற்று என்று சொல்லித் தள்ளிப்போட்டுவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை எனக்குச் செய்முறைத் தேர்வு. இது அந்த வெள்ளிக்கிழமையின் கதை.

காலையில் யூனிஃபார்ம் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். சட்டைக்கு மட்டும்தான். கேமராவில் இடுப்புக்கு மேலேதான் தெரியும். கீழே பழைய பைஜாமா போதும். வகுப்பு முழுக்க அப்படித்தான்.

அண்ணி கதவு நிலையில் வந்து சாய்ந்துகொண்டாள்.

"நர்ஸம்மா, ஒண்ணு கேக்கணும். சிரிக்கக் கூடாது."

"சொல்லுங்க அண்ணி."

"உள்ள இருக்கறவங்களுக்கு இன்னைக்கு லீவா?"

சிரிக்கவைக்கத்தான் கேட்கிறாள் என்று நினைத்தேன். நிமிர்ந்து பார்த்தால் முகம் அப்படி இல்லை.

"ஏன், என்ன ஆச்சு?"

"நேத்து சாயங்காலத்துல இருந்தே கொஞ்சம் டல்லுதான். எப்பவும் நான் டீ குடிச்சதும் விலாவுல ஒரு உதை விழும். இன்னைக்கு டீயும் குடிச்சாச்சு, பிஸ்கட்டும் தின்னாச்சு. ஆளைக் காணோம்."

"சுத்தமா அசையலையா?"

"சுத்தமான்னு எப்படிச் சொல்றது. ஏதோ லேசா புரண்ட மாதிரி இருந்தது. அது வாயுவாக்கூட இருக்கலாம். அத்தை கிட்ட சொல்லிடாத. மெஷினை நிறுத்திட்டு ஒப்பாரி வச்சிடுவாங்க."

"ஆஸ்பத்திரிக்குப் போயிடலாமா?"

"அதான் யோசிக்கறேன். பைகூட எடுத்து வச்சுட்டேன். ஆனா அங்க போனா என்னத்தை ஒட்டிக்கிட்டு வருவோமோன்னு இருக்கு. நாலாவது வீட்டு அக்கா காலு பிசகிடுச்சுன்னு போனவங்க, இன்னும் வீடு வந்து சேரல. நீ ஒரு தடவை பாத்துச் சொல்லேன். நீ சொன்னா கிளம்பறேன். நீ வேண்டாம்னா இருக்கேன்."

அசைவு குறைந்தால் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது, உடனே மருத்துவமனை. இந்தக் கேள்வி எழுத்துத் தேர்வில் வந்தது. சரியாகத்தான் எழுதினேன்.

முதலில் கேட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தேன். இல்லை, நினைத்தேன் என்பது பெரிய வார்த்தை. கை தானாகப் போய்க் குழலை எடுத்தது.

அந்தக் குழலைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்லூரியிலிருந்து கூரியரில் வந்தது. அலுமினியம். ஒரு பக்கம் புனல் போல விரிந்திருக்கும், இன்னொரு பக்கம் தட்டையாக இருக்கும். புனலை வயிற்றில் குழந்தையின் முதுகு இருக்கும் இடத்தில் வைத்து, தட்டையில் காதை அழுத்தி, கையை எடுத்துவிட்டுக் கேட்க வேண்டும். குழந்தையின் இதயத் துடிப்பு கேட்கும். கேட்கும் என்று சொன்னார்கள்.

எங்களில் ஒருத்திகூட அதில் கேட்டதில்லை. வார்டுக்குள் எங்களை விடவில்லை. வீட்டில் யார் இருக்கிறார்களோ அவர்கள் இடுப்பில் தலையணையைக் கட்டிப் படுக்கவைத்துப் பழகினோம். ஒருத்தி தன் அப்பாவுக்குக் கட்டினாள். அவர் நடுவில் தூங்கிப்போய்க் குறட்டை விட்டார். அன்றைக்கு மட்டும் வகுப்பே சிரித்தது.

தலையணைக்கு ஏது துடிப்பு? அதற்காக மேடம் தன் ஃபோனில் ஒரு பதிவை வைத்திருந்தார். வார்டில் மெஷின் வழியாகப் பிடித்தது. குதிரை ஓடுவது போல டொக்கு டொக்கு என்று பெரிதாகக் கேட்கும். ஒவ்வொரு வகுப்பிலும் அதே பதிவு. "எண்ணுங்க" என்பார். முதல் வகுப்பில் எண்ணினோம். நூற்று நாற்பது. அதற்கப்புறம் யாரும் எண்ணவில்லை. பதிவு தொடங்குவதற்குள் சாட்டில் எல்லாரும் நூற்று நாற்பது, நூற்று நாற்பது என்று போட்டுவிடுவோம். மேடமும் "குட்" என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார். அவருக்கு அதற்குள் வார்டிலிருந்து கூப்பாடு வந்திருக்கும்.

அண்ணியைப் படுக்கவைத்தேன். வயிற்றைத் தொட்டேன். தலையணை போல இல்லை. சூடாக இருந்தது, கையின் கீழ் ஏதோ ஒன்று எனக்கு இடம் தராமல் கெட்டியாக இருந்தது. அது முதுகா, முட்டியா, எனக்குத் தெரியவில்லை. ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுத்துக் குழலை வைத்தேன்.

குதிரைக்காகக் காத்திருந்தேன்.

முன்னறையில் அம்மாவின் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. வேறு ஒன்றும் கேட்கவில்லை. இடத்தை மாற்றினேன். கொஞ்சம் கீழே, கொஞ்சம் ஓரமாக. என் காதுக்குள் ஓடும் ரத்தம் கேட்டது. அவ்வளவுதான்.

"எவ்வளவு?" என்றாள் அண்ணி. கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். கை இரண்டும் படுக்கை விரிப்பைப் பிடித்திருந்தன.

"நூத்தி நாப்பது" என்றேன்.

பொய் சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொல்லவில்லை. வருகைப் பதிவில் பெயர் கூப்பிட்டதும் 'பிரசன்ட்' என்று வாய் சொல்லுமே, அது மாதிரி வந்தது. இதை ஒரு சமாதானமாகச் சொல்லவில்லை. எப்படி வந்தது என்று மட்டும் சொல்கிறேன்.

"நார்மலா?"

"நார்மல்தான்."

அண்ணி மூச்சை விட்டாள். அவள் உடம்பு முழுக்கத் தளர்ந்தது தெரிந்தது. "அப்பாடா. உயிரை வாங்கிடுச்சு. அப்ப இது சும்மா சோம்பேறி. அப்பனைக் கொண்டு பொறக்கப் போகுது."

எழுந்து உட்கார்ந்து, கட்டிலுக்கடியில் வைத்திருந்த பையைத் திரும்பவும் பரண் மேல் வைக்கச் சொன்னாள். நான்தான் ஸ்டூலில் ஏறி வைத்தேன்.

ஸ்டூலில் நிற்கும்போது சொல்லியிருக்கலாம். இறங்கும்போது சொல்லியிருக்கலாம். எனக்குள் ஒன்றும் ஓடவில்லை. பயம்கூட இல்லை. நெட்வொர்க் போனதும் ஒரு முகம் அப்படியே நின்றுபோகுமே, கண் பாதி மூடி, வாய் பாதி திறந்து, அப்படி நின்றுபோயிருந்தேன்.

அடுத்த அரைமணியில் வீடு முழுக்கச் செய்தி. சொல்லாதே என்று என்னிடம் சொன்ன அண்ணியே போய் அம்மாவிடம் சொன்னாள்.

"பாத்தியா? படிக்க வச்சது வீணாகல" என்றாள் அம்மா, வாயில் கவ்வியிருந்த நூலை எடுக்காமலே. "ஃபோனை வச்சுக்கிட்டு என்னத்தைப் படிக்கறாளோன்னு நெனச்சேன்."

"நானே நெனச்சேன் அத்தை. காதை வச்சதும் டக்குன்னு சொல்லிட்டா."

டக்குன்னு. அந்த வார்த்தையை அம்மா காதில் வாங்கவில்லை. நான் வாங்கினேன்.

மதியம் அண்ணன் கூப்பிட்டான். லாரிக்குள் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கண்ணாடிக்குப் பின்னால் சிலிண்டர்களை உருட்டும் சத்தம்.

"என்ன சிஸ்டர், உங்க அண்ணியை செக்கப் பண்ணீங்களாமே. ஃபீஸ் எவ்வளவு?"

"ஒண்ணும் இல்லண்ணா."

"இலவச வைத்தியமா? பலிக்குமா அது?" சிரித்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "நேத்தே அவ குரல் சரியில்ல. நான் கேட்டா ஒண்ணும் இல்லைம்பா. ராத்திரி ஓட்டும்போது அதே நெனப்பு. நீ பக்கத்துல இருக்கறதுதான் எனக்குத் தெம்பு. நல்லா இருக்கு இல்ல?"

"அண்ணா..."

"சொல்லு."

"நீ சாப்டுட்டு வையி. ஆறிடப் போகுது."

"ஆறி எப்பவோ ஆச்சு. லோடு ஏறிக்கிட்டிருக்கு. சாயங்காலம் கிளம்பிடுவோம். லோடு இறங்க வேண்டிய ஆஸ்பத்திரியில இருந்து ஃபோன் மேல ஃபோன், எப்ப வரும் எப்ப வரும்னு. நான் என்ன தலையில தூக்கிக்கிட்டா ஓட முடியும்?"

வைத்துவிட்டான்.

நான் குழலை எடுத்துக்கொண்டு அண்ணியின் அறைக்குப் போனேன். இன்னொரு முறை கேட்டுவிடலாம், கேட்டுவிட்டால் காலையில் சொன்னது உண்மையாகிவிடும் என்று ஒரு கணக்கு. அண்ணி இடது பக்கமாகப் படுத்து நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. எழுப்பினேன்.

"என்ன? பரீட்சை முடிஞ்சுதா?"

"இல்ல அண்ணி. அதுக்கப்புறம் அசைஞ்சுதா?"

"தெரியலையே."

"தெரியலைன்னா?"

"நீதான் நல்லா இருக்குன்னு சொல்லிட்டியே. அப்புறம் நான் கவனிக்கவே இல்ல." கொட்டாவி விட்டாள். "ரெண்டு நாளா தூக்கமே இல்ல. இன்னைக்குத்தான் கண்ணை மூடினேன். போய்ப் படிம்மா. உனக்குப் பதிலா நானா எழுத முடியும்?"

திரும்பிப் படுத்துக்கொண்டாள். குழல் என் கையில் இருந்தது. வைக்கவில்லை. வைத்து, மறுபடியும் கேட்காமல் போனால் என்ன செய்வது என்று தெரியவில்லை. எனக்குக் கேட்கத் தெரியாததால் கேட்கவில்லையா, அங்கே இல்லாததால் கேட்கவில்லையா? இரண்டில் எது என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் அந்த வீட்டில் நான்தான். எனக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் தேர்வு தொடங்கியது.

கட்டிலில் அம்மா படுத்திருந்தாள். இடுப்பைச் சுற்றிப் படுக்கை விரிப்பால் தலையணையைக் கட்டியிருந்தேன். அவள் தலைமுடியில் வெள்ளை நூல் ஒட்டியிருந்தது. கழுத்தில் கத்தரிக்கோல் தொங்கியது.

"எனக்கு இப்ப எத்தனாவது மாசம்?"

"ஒன்பதும்மா. பேசாம இருங்க, மைக் ஆன்ல இருக்கு."

"இந்த வயசுல நான் வெளிய எப்படித் தலை காட்டுவேன்?"

அண்ணி கதவில் சாய்ந்து நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வேடிக்கை பார்க்க வந்திருந்தாள். ஒரு கை இடுப்பின் பின்பக்கம் இருந்தது.

ஃபோனை அலமாரியில் நிற்கவைத்திருந்தேன். அதில் எங்கள் வகுப்பு முழுக்க, சின்னச் சின்னக் கட்டங்களாக, வெள்ளைச் சட்டை போட்ட தலைகள். எனக்கு முன்னால் என் தோழி. வகுப்பில் பேசும்போதெல்லாம் மைக்கைப் போட மறந்து வாயை மட்டும் அசைப்பாள். அதனால் அவளுக்கு மியூட் என்று பெயர். தேர்விலும் முதல் பாதியை அப்படியே செய்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து செய்தாள். துடிப்பு நூற்று நாற்பது என்றாள். மேடம் குறித்துக்கொண்டார்.

அவளுக்கு முந்தினவளும் நூற்று நாற்பது. அதற்கு முந்தினவளும்.

என் முறை வந்தது. கை கழுவுவதாகக் காட்டினேன். அம்மாவிடம் அனுமதி கேட்டேன். "தாராளமா" என்றாள் அம்மா. வயிற்றின் மேல்பக்கம், இரண்டு ஓரம், கீழ்ப்பக்கம் என்று முறைப்படி கையை வைத்தேன்.

"முதுகு எந்தப் பக்கம்?" என்றார் மேடம்.

"இடது பக்கம் மேடம்."

"குட். துடிப்பு கேளு."

குழலை வைத்தேன். காதை வைத்தேன். கையை எடுத்தேன். பஞ்சு. பஞ்சுக்குப் பின்னால் அம்மாவின் மூச்சு. அதற்கு மேல் நிமிரத் தோன்றவில்லை. அப்படியே இருந்தேன்.

"நெட் போயிடுச்சா? துடிப்பு எவ்வளவும்மா?"

ஃபோனில் ஒரு செய்தி எட்டிப் பார்த்தது. மியூட் எனக்கு மட்டும் தனியாக அனுப்பியிருந்தாள்: நூத்தி நாப்பதுடி லூசு.

"கேக்கல மேடம்" என்றேன்.

"என்ன?"

"ஒண்ணும் கேக்கல."

யாரோ சிரித்தார்கள். சிரித்தவளின் கட்டம் மட்டும் மஞ்சளாக மின்னியது.

மேடம் கண்ணைக் கசக்கிக்கொண்டார். "தலையணையில கேக்காதும்மா. எனக்கும் தெரியும். கட்டம் காலியா இருந்தா சாஃப்ட்வேர் வாங்காது. ஒரு நம்பர் சொல்லு, போட்டுட்டு அடுத்த ஆளைப் பாக்கறேன்."

"காலைல எங்க அண்ணிக்குப் பாத்தேன் மேடம். அவங்க வயித்துலயும் எனக்குக் கேக்கல. நான் நூத்தி நாப்பதுன்னு சொல்லிட்டேன்."

அம்மா தலையணையோடு எழுந்து உட்கார்ந்தாள்.

மேடத்தின் முகம் கேமராவுக்குக் கிட்டே வந்தது. இத்தனை மாதத்தில் அவர் இவ்வளவு கிட்டே வந்து நான் பார்த்ததில்லை.

"எதுக்குப் பாத்த? அசைவு குறைஞ்சுதா?"

"ஆமா மேடம்."

"எப்ப இருந்து?"

"நேத்து சாயங்காலத்துல இருந்து."

"ஃபோனை அவங்க கிட்ட குடு."

நான் ஃபோனை எடுத்துக்கொண்டு கதவுப்பக்கம் போனேன். அண்ணி அதை வாங்கவில்லை. நானே அவள் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன். தண்ணீர் போல ஏதாவது போனதா, ரத்தம் பட்டதா, தலைவலி உண்டா, கண் மங்குகிறதா என்று மேடம் ஒவ்வொன்றாகக் கேட்டார். அண்ணி ஒவ்வொன்றுக்கும் "இல்ல, இல்ல" என்று தலையாட்டினாள். மேடத்தைப் பார்க்கவில்லை. ஃபோனுக்கு மேலே என்னைப் பார்த்தாள்.

"இப்பவே கிளம்பி எங்க ஆஸ்பத்திரிக்கு வாங்க. நான் லேபர் வார்டுல சொல்லி வைக்கறேன்" என்றார் மேடம். "நீ கால்ல இருந்து வெளிய போம்மா. பரீட்சையை அப்புறம் பாத்துக்கலாம். சரி, அடுத்தது யாரு?"

அணைத்தேன்.

அம்மா தலையணைக் கட்டை அவிழ்க்கப் பார்த்தாள். என் முடிச்சு அவளுக்கு அவிழவில்லை. கழுத்திலிருந்த கத்தரிக்கோலால் விரிப்பை வெட்டிவிட்டாள்.

"அப்ப நீ கேக்கவே இல்லையா?" என்றாள் அண்ணி.

"இல்ல அண்ணி."

"அப்புறம் அந்த நம்பர்?"

"வகுப்புல எப்பவும் அதுதான்."

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் எனக்கு ஏதாவது உறைத்திருக்கும்.

"நான் மதியம் தூங்கிட்டேன்" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். "நீ சொன்னேன்னு தூங்கிட்டேன்."

பையை இறக்க நான் ஸ்டூலை எடுத்தேன். அதற்குள் அம்மா எக்கி, பரணிலிருந்து தொங்கிய பட்டையைப் பிடித்து இழுத்துவிட்டாள்.

ஆம்புலன்ஸுக்கு லைன் கிடைக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர், தண்ணீர் கேன் போடுகிறவர், தன் லோடு வண்டியை எடுத்தார். அண்ணி முன்னால் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அம்மாவும் நானும் பின்னால், காலி கேன்களுக்கு நடுவில். ஒவ்வொரு திருப்பத்திலும் கேன்கள் எங்கள் மேல் வந்து சாய்ந்தன. சாலையில் ஆள் இல்லை. கடைகளில் ஷட்டர் இறங்கிக் கிடந்தது. ஒரு சிக்னல் யாருக்கோ சிவப்பு காட்டிக்கொண்டிருந்தது, தண்ணீர்க்காரர் அதற்கும் நின்றார்.

"யாருமே இல்லையேப்பா, போயேன்" என்றாள் அம்மா.

"பழக்கமாயிடுச்சும்மா" என்றார் அவர்.

அம்மா என் சட்டைக் கையில் ஒட்டியிருந்த ஒரு நூலை எடுத்துப் போட்டாள். அது பழக்கமாகச் செய்ததா, எனக்காகச் செய்ததா என்று இப்போதும் யோசிக்கிறேன். பழக்கமாகத்தான் இருக்கும்.

மருத்துவமனைக் கதவில் காவலாளி ஒவ்வொருவர் நெற்றிக்கும் வெப்பமானியை நீட்டினார். அண்ணியை மட்டும் உள்ளே விட்டார்கள். சக்கர நாற்காலியில் உட்காரும்போது பையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணாடிக் கதவு தானாக மூடிக்கொண்டது.

வெளியே சிமெண்ட் மேடையில் உட்கார்ந்தோம். இடம் விட்டு உட்கார வட்டம் போட்டிருந்தார்கள். அம்மா ஒரு வட்டத்தில், நான் ஒரு வட்டத்தில்.

வெளிச்சம் இருக்கும்போதே ஒரு நர்ஸ் வெளியே வந்தார். தலை முதல் கால் வரை கவச உடை. கண் மட்டும் தெரிந்தது.

"அவங்களோட வந்தது யாரு?"

இருவரும் எழுந்தோம்.

"துடிப்பு இருக்கு" என்றார். "ஆனா ஒரே சீரா இல்ல. ஏறுது, திடீர்னு இறங்குது. மெஷின் மாட்டி வச்சிருக்கோம். பெரிய டாக்டர் தியேட்டர்ல இருக்காங்க. வந்து பாத்துட்டுத்தான் இன்னைக்கே எடுக்கறதா, கொஞ்சம் வச்சுப் பாக்கறதான்னு சொல்வாங்க."

அம்மா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது.

துடிப்பு இருக்கு. அந்த வார்த்தை எனக்கும் கேட்டது. அழுகை வரும் என்று காத்திருந்தேன். கொஞ்ச நேரம் கொடுத்துப் பார்த்தேன். வரவில்லை.

"இன்னும் முன்னாடியே வந்திருக்கலாம்" என்றார் நர்ஸ். யாரையும் குறை சொல்லும் குரலில் இல்லை. அதை அன்றைக்கு எத்தனை பேரிடம் சொன்னாரோ. "கூட ஒருத்தர் இருக்கலாம். ஆனா உள்ள வந்தா டிஸ்சார்ஜ் வரைக்கும் வெளிய விட மாட்டோம்."

நான் ஓர் அடி முன்னால் வைத்தேன். "நான் வரேன் சிஸ்டர். நான் மகப்பேறு ஸ்டூடன்ட்."

அவர் என் வெள்ளைச் சட்டையைப் பார்த்தார். பிறகு பைஜாமாவைப் பார்த்தார்.

"அவங்க அத்தையை அனுப்பச் சொன்னாங்கம்மா."

"நான் இருந்தா..."

"அத்தையைத்தான் கேட்டாங்க." கொஞ்சம் தயங்கினார். "உங்களை வேண்டாம்னுட்டாங்க."

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் கத்தரிக்கோலைக் கழற்றிக் கொடுத்தாள். "அண்ணனுக்கு ஒரு வார்த்தை சொல்லிடு. அவன் பாட்டுக்கு நிம்மதியா ஓட்டிக்கிட்டிருப்பான்" என்றாள். அவ்வளவுதான். உள்ளே போய்விட்டாள்.

தண்ணீர்க்காரர் தூரத்தில் வண்டிக்கருகே நின்று எனக்குக் கை காட்டினார். காத்திருக்கிறேன் என்று அர்த்தம்.

ஃபோனில் மியூட் ஏழெட்டுச் செய்தி அனுப்பியிருந்தாள். கடைசிச் செய்தி: உனக்கப்புறம் மேடம் யார் கிட்டயும் நம்பர் கேக்கல. எல்லாரோடதையும் திரும்ப நடத்தறாங்களாம். எப்பன்னு சொல்லல.

பதில் போடவில்லை. அண்ணனின் நம்பரை எடுத்தேன். நான் அழுத்துவதற்குள் அவனே கூப்பிட்டான்.

"என்ன சிஸ்டர், வீட்டுல யாரும் ஃபோனை எடுக்கல? பரீட்சை என்ன ஆச்சு? கோட்டையைப் பிடிச்சியா?"

"நாங்க ஆஸ்பத்திரியில இருக்கோம்ணா."

அவனுக்குப் பின்னால் யாரோ கயிற்றை இழுத்துக் கட்டுகிற சத்தம் கேட்டது.

நான் வரிசையாகச் சொன்னேன். காலையில் எனக்குக் கேட்கவில்லை என்று சொன்னேன். கேட்டதாகச் சொன்னேன் என்று சொன்னேன். மதியம் அவன் கேட்டபோதும் சொல்லவில்லை என்றேன். நர்ஸ் சொன்னதை அவர் சொன்ன வார்த்தையிலேயே சொன்னேன்.

"அவ எங்க?"

"உள்ள."

"பேச முடியுமா?"

"ஃபோனை வாங்கி வச்சுட்டாங்க போல. எடுக்கல. அம்மா கூட இருக்காங்க."

"நீ?"

"என்னை வேண்டாம்னுட்டாங்க."

அவன் திட்டவில்லை. மூச்சு விடுவது கேட்டது. யாரோ "லோடு ரெடி, எடுக்கலாம்" என்றார்கள். அவன் "இரு" என்றான், அவர்களுக்கு.

"இங்க பாரு" என்றான் என்னிடம். சிஸ்டர் என்று கூப்பிடவில்லை. "இங்க இருந்து இடது பக்கம் போனா அந்த ஆஸ்பத்திரி. லோடுக்குக் காத்துக்கிட்டிருக்காங்க. வலது பக்கம் போனா வீடு. விடாம ஓட்டினா விடியறதுக்குள்ள வந்துடுவேன். லோடோடதான் வரணும். மாத்தி ஓட்ட வேற டிரைவர் இல்ல. குழந்தைக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நீ சொன்னா நான் இந்த லோடை இறக்கிட்டு வரேன். இல்லைன்னா இப்பவே வரேன். நீ அங்க இருக்க. நீ சொல்லு."

கதவுக்கு உள்ளே ஒரு விளக்கு எரிந்தது. யாரோ வேகமாக நடந்து போனார்கள். அது எங்களுக்காகவா, வேறு யாருக்காகவோவா, கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து தெரியவில்லை.

ஒண்ணும் ஆகாதுண்ணா என்ற வார்த்தை வாயில் தயாராக இருந்தது. எடுத்துக் கொடுக்க வேண்டியதுதான்.

"எனக்குத் தெரியலண்ணா" என்றேன்.

"தெரியலைன்னா என்ன அர்த்தம்? போய்க் கேட்டுச் சொல்லு."

"கேட்டேன். அவங்களுக்கே இன்னும் தெரியல. எனக்கும் தெரியல. தெரியாம ஒண்ணைச் சொல்ல மாட்டேன்."

லாரிக் கதவு அடித்துச் சாத்தும் சத்தம் கேட்டது. இன்ஜின் உறுமியது. ஃபோனை வைக்க மறந்துவிட்டான் போலிருக்கிறது. சிலிண்டர்கள் ஒன்றோடொன்று இடிக்கும் ஓசை வந்துகொண்டே இருந்தது.

காதில் அழுத்திப் பிடித்துக்கொண்டு கேட்டேன். வண்டி நின்றது, லோடு ஏற்றிய இடத்தின் வாசலாக இருக்கும். பிறகு திரும்பியது. எந்தப் பக்கம் என்று தெரியவில்லை.